ஊசிமுனையும் தாய்மடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைத்தமிழ் பற்றிப் பேசுமாறு வட்டத்தார் என்னைப் பணித்தனர். பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன், தமிழைப் பற்றியும் பேசுகிறேன்; ஆனால் பொருளைச் சற்றே விரித்துக்கொள்ள இசைவு தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுக்காது ஒப்பினர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவமனையில் குழந்தை படும் ஊசிவலி. இலக்கிய மேடையில் ஊசிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். குழந்தையின் அழுகையைத் தணிப்பதற்கென்றே தாலாட்டு என்னும் ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி நம் மொழி. ஆகவே இது நமக்கு அயலான பொருள் அன்று.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1987ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. பள்ளிவிட்டுப் பனைவிளை வழியே வீடு திரும்பும்போது நாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது. எங்கள் ஆச்சி அந்தக் காயத்தில் மிளகாய்ப் பொடியையும் சுண்ணாம்பையும் வைத்து அப்பினார். மறுநாள் அப்பா என்னை மிதிவண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். காயத்தின் தன்மைக்கேற்ப ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரை, நாள்தோறும் ஓர் ஊசி. எனக்குப் பதினான்கு என்று எழுதினார்கள்.

முதல் நாள் அப்பா சொன்னார்: “ஏளா, ஒண்ணுஞ் செய்யாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.” நான் நம்பினேன். அது எறும்புக் கடியாக இல்லை. இரண்டாம் நாள் வாசற்படியிலேயே அமர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் நால்வர் சேர்ந்து பிடித்தார்கள்; கைக்கு இருவர், காலுக்கு இருவர். அந்த நால்வருள் ஒருவர் என் அப்பா. இன்று அந்த ஊசியின் வலி என் நினைவில் இல்லை. மணிக்கட்டை அழுத்திய அந்தக் கைகளின் இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பதினான்கு நாளும் வேலைக்குச் செல்லாமல் என்னைச் சுமந்து சென்றவர் அவர். நான் உயிரோடு நிற்பது அந்தப் பதினான்கு ஊசிகளால்தான். வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆயினும், காக்க வந்த ஒன்று ஏன் அத்தனை அச்சத்தோடு வரவேண்டும் என்னும் வினா என்னை விட்டு அகலவில்லை.

அவையோரே! தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் ஆகிய நான்கும் அவை. மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும் எனக்கு அந்த 1987 நினைவுக்கு வரும். என்னைக் கடித்தது விலங்கு. அந்த அச்சம் ஒரு நாளில் தீர்ந்தது. என்னைப் பிடித்தவர்கள் என்மேல் அதிகாரம் உடையவர்கள். அந்த அச்சம் தீரப் பல்லாண்டு ஆயிற்று. இறை என்னும் சொல் அரசனைக் குறிக்கலாம். ஒரு குழந்தையின் சிற்றுலகில் அந்த இடத்தில் நிற்பவர்கள் நாம்தாம். “சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்லுவேன்” என்று ஊசியைத் தண்டனைக் கருவியாக அறிமுகப்படுத்துபவர்களும் நாம்தாம். பின்னர் அதே ஊசியைக் காட்டி, இது உன் நன்மைக்கு என்று சொன்னால் குழந்தை எதனை நம்பும்?

தடுப்பூசியின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். அதன் வாசலில் நிற்பவர்கள் குழந்தைகள். இந்திய மண்ணில் முதன்முதலாகப் பெரியம்மைத் தடுப்புப் பால் குத்தப்பெற்றவள் அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுச் சிறுமி. இடம் பம்பாய், நாள் 1802 ஜூன் 14. குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு என்று கைமாற்றிக் கைமாற்றியே அந்தப் பால் நாட்டின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நம் பாட்டன்மார் தோளில் இருந்த அம்மைத் தழும்புக்கு அந்தக் குழந்தைகளின் வலிதான் விதை. 1885 ஜூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து செலுத்தச் செய்ததும் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மெய்ஸ்டருக்கே. அவனுக்குப் பதின்மூன்று முறை போட்டார்கள். நம் தமிழகத்தில் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட மருந்துதான் பல்லாண்டுக் காலம் நம் வயிற்றைச் சுற்றிக் குத்தப்பட்டது.

அந்த மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடிக்குத் தோலிடை ஊசியாக, ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு மருந்தை இரண்டு இடங்களில் செலுத்துகிறார்கள். கடிபட்டு வந்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை வந்தால் போதும். காயம் ஆழமாயின் அதனைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்துவார்கள். தொப்புளைச் சுற்றிய பதினான்கு ஊசி ஒழிந்து இருபதாண்டு கடந்துவிட்டது. ஆனால் அதன் அச்சம் ஒழிந்ததா? இன்றும் நம் ஊர்களில் நாய் கடித்த பிள்ளை, பதினான்கு ஊசிக்கு அஞ்சி வீட்டில் சொல்லாமல் காயத்தை மறைக்கிறது. உலக அளவில், வெறிநாய் என ஐயுறத்தக்க விலங்குகளால் கடிபடுவோருள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மறைக்கப்பட்ட காயம் உயிரைக் கொள்ளும். ஊசிவலியைக் குறைப்பது வெறும் இரக்கச் செயல் மட்டும் அன்று, அது உயிர்காக்கும் செயல் என்று நான் கூறுவது இதனால்தான். தாய்மார்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறேன்: நாய் கடித்தால் மிளகாய்ப் பொடியும் வேண்டா, சுண்ணாம்பும் வேண்டா. ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

“குழந்தைக்கு வலி தெரியாது, அழும், மறந்துவிடும்” என்று கூறுவோர் உண்டு. கற்றறிந்த மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இவ்வாறு கருதியிருந்தது. 1980களிலும் மேலைநாட்டு மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தோ வலிநீக்கி மருந்தோ இன்றி அறுவை செய்வது வழக்கில் இருந்தது. இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்சுபோர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்பவர், குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவைசிகிச்சையின்போது எவ்வாறு தத்தளிக்கிறது என்பதையும், வலிநீக்கி தந்தால் அத்தத்தளிப்புக் குறைகிறது என்பதையும் 1987இல் ஆய்வின்வழி மெய்ப்பித்தார். நான் நால்வர் பிடியில் கிடந்த அதே ஆண்டு அது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது என் உள்ளம் ஒரு கணம் நின்றுவிட்டது.

“வலியைத் தாங்கிப் பழகட்டும்” என்பது மற்றொரு கூற்று. பழகுவதில்லை என்பதே ஆய்வின் முடிவு. கனடாவைச் சேர்ந்த அன்னா டாடியோ என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. பிறந்தவுடன் மரப்பு மருந்தின்றிச் சுன்னத்துச் செய்யப்பெற்ற ஆண்குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது, அவ்வாறு செய்யப்பெறாத குழந்தைகளைக் காட்டிலும் மிகுதியாக வலியை வெளிப்படுத்தின. மரப்புக் களிம்பு தடவிச் செய்யப்பெற்ற குழந்தைகளிடம் அந்த மிகுதி குறைந்திருந்தது. சொல்லத் தெரியாத வயதில் பட்ட வலியையும் உடல் எழுதி வைத்துக்கொள்கிறது என்பது இதனால் போதரும்.

நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். பிறந்தவுடன் இரண்டு, ஆறாம் வாரம் மூன்று, பத்தாம் வாரம் ஒன்று, பதினான்காம் வாரம் மூன்று, ஒன்பதாம் மாதம் மூன்று என, ஓராண்டு நிறையுமுன் பன்னிரண்டு ஊசிகள். வாய்வழிச் சொட்டு மருந்துகள் இக்கணக்கில் சேரா. ஒவ்வொன்றும் தேவையானது, ஒன்றையும் தவிர்த்தல் கூடாது. பெரியம்மை இந்நாட்டைவிட்டு ஒழிந்ததும், 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி இளம்பிள்ளைவாதம் நீங்கிய பகுதியெனச் சான்று பெற்றதும் தடுப்பு மருந்துகளின் கொடையே. ஊசியைக் குறைப்பது என் வேண்டுகோள் அன்று. வலியைக் குறைக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

எவ்வாறு குறைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2015 செப்டம்பரில் இதற்கெனவே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதனைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. அதில் கூறப்பட்டவற்றுள் பல, நம் வீட்டு முற்றத்திலும் நம் இலக்கியத்திலும் ஏற்கெனவே உள்ளவை.

முதலாவது, தாய்மடி. குழந்தையைப் படுக்கையில் கிடத்தி அழுத்தாமல், தாயோ தந்தையோ மடியில் அணைத்துப் பிடித்திருக்க ஊசி போடவேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. நம்மவர் காதுகுத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தியது வெறும் உறவுமுறைச் சடங்கு மட்டுமா? கூர்முனை உடலில் படும் நேரத்தில் உரிமையுள்ள ஒரு மடி வேண்டும் என்னும் அறிவும் அதனுள் இருக்கிறது.

இரண்டாவது, தாய்ப்பால். ஊசி போடுமுன்னரோ போடும்போதோ பால் கொடுத்தல் கைக்குழந்தையின் வலியைக் குறைக்கும். பாலின் இனிமை, உறிஞ்சும் செயல், தாயின் மெய்ச்சூடு, அவள் மணம் ஆகிய யாவும் ஒருங்கே துணைநிற்கின்றன. இனிப்புக்கும் இதில் பங்குண்டு. மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தையின் நாவில் அளவறிந்து சில துளி சர்க்கரைக் கரைசல் இட்டு, ஏறத்தாழ இரண்டு நிமிடம் பொறுத்து ஊசி போடும் முறை உண்டு. ஆயினும் இதனை வீட்டில் செய்தல் ஆகாது. சேனை வைக்கிறோம் என்று தேன் தடவுவதும் கூடாது; ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்.

மூன்றாவது, போடும் முறை. தடுப்பூசியைத் தசையில் செலுத்துமுன் இரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அது வலியை நீட்டிக்கும். பல ஊசிகள் இருப்பின் வலி குறைந்ததை முதலிலும் மிகுந்ததை இறுதியிலும் போடவேண்டும். மருந்தைச் சூடேற்றுவதும், போடுமிடத்தைத் தேய்ப்பதும், முன்கூட்டியே காய்ச்சல் மாத்திரை கொடுப்பதும் பரிந்துரைக்கப்படவில்லை. தோலை மரக்கச் செய்யும் களிம்புகள் பயன் தருவனவே. ஆனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவவேண்டும், விலையும் உண்டு. நாள்பட்ட நோய்க்காக அடிக்கடி ஊசிக்கு உள்ளாகும் பிள்ளைகளின் பெற்றோர் அதுபற்றி மருத்துவரைக் கேட்கலாம்.

நான்காவதுதான் நம் துறை. அது சொல். “வலிக்கவே வலிக்காது” என்று பொய்யும் கூறலாகாது. “இதோ குத்தப்போகிறேன்” என்று அச்சுறுத்தவும் ஆகாது. நடுநிலையான சொல்லால், உண்மையை, அமைதியாகக் கூறவேண்டும் என்பது அறிக்கையின் கருத்து. கூடவே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் கவனத்தைத் திருப்பவேண்டும் என்கிறது. இதற்கு நம்மிடம் பராக்குக் காட்டுதல் என்னும் அழகிய சொல் இருக்கிறது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய ஒவ்வொரு தாயும் இதில் வல்லவள்.

பிள்ளைத்தமிழுக்கு வருகிறேன். நம் பொருநைக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் இரண்டு பிள்ளைத்தமிழ் நூல்கள் பாடினார். அப்பருவங்களை மாதக் கணக்கில் வகுக்கும் மரபும் உண்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி. குழந்தை கைகொட்டி மகிழும் பருவம். நம் அட்டவணையில் அதே ஒன்பதாம் மாதத்தில்தான் மூன்று ஊசிகள் காத்திருக்கின்றன. கைகொட்டும் பாட்டை அன்று மருத்துவமனையில் ஏன் பாடலாகாது? அடுத்து அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தையும் கையாளுவார். முதலில் இன்சொல், எல்லாம் சொல்லிப் பார்த்தபின் இறுதியில்தான் தண்டம். எங்கோ வானில் இருக்கும் நிலவுக்கு இத்தனை பொறுமை காட்டிய மரபு நம்முடையது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஊசி போடும்போது மட்டும் நாம் தண்டத்திலிருந்தே தொடங்குகிறோம். கையைப் பிடி, காலைப் பிடி என்பதே நம் முதற்சொல்லாக இருக்கிறது.

அவையோரே, இதனைச் சொல்லும் தகுதி எனக்கும் எளிதில் வந்துவிடவில்லை. 2011இல் என் மகளுக்கு ஐந்து வயதில் போடவேண்டிய ஊசிக்காக அவளை அழைத்துச் சென்றேன். முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருந்த நான், என் வாயால் சொன்ன சொல் என்ன தெரியுமா? “ஒண்ணுஞ் செய்யாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.” அப்பாவின் அதே சொல். ஊசி போட்டு முடிந்ததும் அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, “நீ பொய் சொல்லிட்ட” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

மறு ஆண்டு நம் மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. பலர் உயிரிழந்த கொடிய காலம் அது. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அவள் எனக்குத் தெரியாமல் மறைத்தாள். போர்வைக்குள் சுருண்டுகொண்டு, தூக்கம் வருகிறது என்றாள். தொட்டுப் பார்த்தபோது உடல் அனலாய்க் கொதித்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா ஊசி போடக் கூட்டிட்டுப் போவ” என்றாள். அந்த ஒரு விடையில் என் கல்வி முழுவதும் தலைகவிழ்ந்து நின்றது. டெங்குக் காய்ச்சலில் இரண்டு நாள் என்பது சிறிய காலம் அன்று. நான் சொன்ன ஒரு சிறு பொய்க்கு அவள் உயிரே விலையாகியிருக்கக் கூடும்.

மருத்துவமனையில் நாள்தோறும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முதல் நாள் அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அப்போது பணியில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர் யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. தரையில் அவள் பக்கத்தில் அமர்ந்தார். “வலிக்கும் கண்ணு. பத்து எண்ணுத நேரந்தான். எந்தக் கைல எடுக்கட்டும்? நீயே சொல்லு” என்றார். என் மகள் நெடுநேரம் யோசித்து இடக்கையை நீட்டினாள். அவளே எண்ணினாள்; ஏழு வரும்போது முடிந்துவிட்டது. “பத்து வரல்லியே” என்று வியந்தாள். மறுநாள் தானே கையை நீட்டினாள். அச்செவிலியர் செலவிட்டது மூன்று நிமிடத்திற்கு மேல் இராது. முதல் நாள் நால்வர் சேர்ந்து பிடித்திருந்தால் அதைவிட மிகுதியான நேரம் ஆகியிருக்கும். என் மகள் இன்று கல்லூரியில் படிக்கிறாள். இதனை அவையில் சொல்ல அவளிடம் ஒப்புதல் பெற்றே வந்தேன்.

செவிலியர்களுக்கு நேரம் ஏது என்னும் வினா நியாயமானதே. தடுப்பூசி நாளாகிய புதன்கிழமையில் ஒரு கிராம சுகாதார செவிலியரைச் சுற்றி எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள், எத்தனை பதிவேடுகள் என்பதை நாம் காண்கிறோம். அவர்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுதல் முறையன்று. மடியில் பிடித்தலும் பாலூட்டலும் பராக்குக் காட்டலும் உண்மை சொல்லலும் தாய் தந்தையர் செய்யத்தக்கவை, காசு செலவில்லாதவை. எஞ்சியதை இலக்கிய வட்டம் செய்யலாம்.

எனவே இவ்விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, நம் பகுதித் தாலாட்டுகளையும் கைகொட்டுப் பாட்டுகளையும் விடுகதைகளையும் வட்டத்து உறுப்பினர் தொகுத்து, ஒரு சிறு கையேடாக்கித் தடுப்பூசி போடுமிடங்களுக்குக் கொடுக்கவேண்டும். விடுகதைக்கு விடை தேடும் பிள்ளையின் மனம் ஊசிமுனையில் நில்லாது. இரண்டு, நம் விளைகளில் பனைக்குக் குறைவில்லை. நம் வானத்தில் காற்றுக்கும் குறைவில்லை. காற்றாலைகள் நிறைந்த இந்த இராதாபுரத்துப் பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் அன்று ஓர் ஓலைக் காற்றாடி இருக்கட்டும். அதனை ஊதிச் சுழற்றும்போது மூச்சு நீளும், உடல் தளரும், கவனம் திரும்பும். தசை இறுக்கம் தளர்ந்தால் வலியும் குறையும். மூன்று, இன்று இவ்வரங்கிலிருந்து செல்லும் ஒவ்வொருவரும், இனி எந்தக் குழந்தையையும் ஊசியைக் காட்டி மிரட்டுவதில்லை, வலிக்காது என்று பொய் சொல்வதில்லை என்று உள்ளத்தில் உறுதி கொள்ளவேண்டும்.

என் அப்பா இன்று நம்மிடையே இல்லை. அவர் கடைசி நாள்களில் மருத்துவமனையில் இருந்தபோது, கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று நான்கு இடங்களில் குத்தினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, “வலிக்கும்ப்பா. நான் இருக்கேன்” என்றேன். அவர் தலையசைத்தார். 1987இல் அவர் எனக்குச் சொல்லத் தெரியாமல் விட்ட சொல் அதுதான் என்று இன்று எண்ணுகிறேன். அறிந்திருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.